நிறுத்திய இடத்தில் மாப்பிள்ளை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்தவர்களுக்கு என் தம்பியைத் தெரியாது. தெரிந்திருந்தால் வீட்டோடு நிறுத்திக்கொண்டிருப்பார்கள். அவன் கல்யாணத்தன்று நான் பட்ட பாடு நாய் படாது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது என்று சொல்ல ஆசைதான். வரவில்லை.

தம்பிக்குத் துறைமுகத்தில் வேலை. அங்கே அவனுக்குக் கொக்கு என்று பெயர். ஆள் நெடுநெடு, கழுத்தும் நீளம். வாயைத் திறப்பது அபூர்வம். உட்கார்த்திவைத்தால் உட்கார்த்திவைத்த இடத்தில் அசையாமல் இருப்பான். அந்தப் பெயரை வைத்தவன் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட, பள்ளிக்கூடம்கூட முடிக்காதவனை ஆளாக்கியது நான். நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். பின்னால் பிள்ளைகள் போடுகிற சத்தத்துக்கு மேலே சத்தம் போட்டுப் போட்டு எனக்கு மெதுவாகப் பேசவே வராது. அவன் எனக்கும் சேர்த்துச் சும்மா இருந்தான். ஒரு வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அவன் ஓட்டுவது கிரேன். காலையில் இரும்பு ஏணியில் ஏறி உச்சியில் இருக்கிற கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவான். கீழே அடுக்கியிருக்கும் பெட்டிகளுக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று கூண்டிலிருந்து தெரியாது. கொக்கி எங்கே இறங்குகிறது, அதன் அடியில் ஆள் நிற்கிறாரா, ஒன்றும் தெரியாது. தரையில் ஒருவர் நின்று கை காட்டுவார். தூக்கு, இறக்கு, இடப்பக்கம் திருப்பு, எல்லாவற்றுக்கும் ஒரு கை இருக்கிறது. அந்தக் கைதான் இவனுக்குக் கண்.

அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. அதை அவன் என்னிடம் சொன்னபோது நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அரைக் காதில் கேட்டேன். அசை என்று சொல்ல, கை காட்டுகிற அந்த ஒருவருக்குத்தான் உரிமை. நிறுத்து என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். டீ கொண்டுவருகிறவர் சொன்னாலும் நிறுத்தியாக வேண்டும். நிறுத்தின பிறகு, கை காட்டுகிறவர் திரும்ப வந்து கை காட்டும்வரை ஒரு விரல் அசையக் கூடாது. ஏன் நிறுத்தினாய் என்று கேட்கவும் கூடாது. கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் கீழே ஒருத்தர் நசுங்கிப்போவார்.

ஒருமுறை கை காட்டுகிறவர் நிறுத்து என்று காட்டிவிட்டு அவசரமாகக் கழிப்பறைக்குப் போய்விட்டார். கப்பல் கிளம்ப நேரமாகிறது என்று மேலாளர் கீழே நின்று ஒலிபெருக்கிக் குழாயில் கத்தினார், குதித்தார், இவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். இவன் கூண்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நாள் வேலைக்கு வராதே என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவன் என் வேனின் கிழிந்த சீட்டுகளை எல்லாம் உட்கார்ந்து தைத்தான். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. நான்தான் அந்த மேலாளரையும் திட்டி, போதாதென்று இவனையும் திட்டினேன். கொக்குக்கு ஒன்றே மதி என்பார்களே, அது சும்மா இல்லை.

இவனுக்கு நாற்பதைத் தாண்டிய பிறகு கல்யாண யோகம் வந்தது. கை காட்டுகிற வேலைக்கு ஒரு பெண் வந்து சேர்ந்தாள். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அதனால் அவளுக்கு விசில் என்று பெயர். கொக்கு மேலே, விசில் கீழே. இரண்டு வருடம் இவர்கள் ஒரு வார்த்தை பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லாம் கையிலேயே முடிந்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அக்கா, அந்தப் பொண்ண வந்து பாக்கறியா" என்றான். எனக்குப் புரையேறிவிட்டது.

அவளைப் பார்த்தேன், பிடித்தது. கறுப்பு, கட்டைக் குரல், பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசுவாள். ஆனால் அவளுக்கு ஒரு பழைய காயம் இருந்தது. அதை அவளே எனக்குச் சொன்னாள், மறைக்கவில்லை. முன்பு அவளுக்கு ஒரு கல்யாணம் ஏற்பாடாகி, மண்டபம் நிறைய ஆள் கூடி, இவளும் அலங்காரம் பண்ணிக்கொண்டு மாடி அறையில் உட்கார்ந்திருக்கிறாள். மாப்பிள்ளையின் கார் தெருமுனைவரை வந்திருக்கிறது. வந்தது அப்படியே திரும்பிப் போய்விட்டது. ஏன் என்று இன்றுவரை தெரியாது. அவளுடைய அண்ணன் மாடிப்படி ஏறி வந்து, மாப்பிள்ளை உள்ளே வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தை இன்னும் தூக்கத்தில் காதில் கேட்கும் என்றாள். இன்னொரு தடவை அதைக் கேட்டால் தாங்க மாட்டேன் அக்கா என்றும் சொன்னாள். என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை என்று மார்தட்டிச் சொல்லிவிட்டு வந்தேன். என் வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்டா பேசுகிறது?

அண்ணன் மரச்சாமான் கடை வைத்திருப்பவர். தங்கை மேல் உயிர். ஆனால் சூடு கண்ட பூனை. மறுபடியும் மண்டபம், மறுபடியும் மானக்கேடு என்று அவர் மனசில் உதறல். அந்த உதறலை மறைக்க எல்லாவற்றையும் பெரிதாகச் செய்தார். எளிமையாகப் பதிவு பண்ணிக்கொள்கிறோம் என்று இவர்கள் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. மாடியும் கீழுமாக ஒரு மண்டபம், பதிவாளரை அங்கேயே வரவழைப்பது, ஊரே பார்க்கிற மாதிரி வாசலில் ஒரு வளைவு. துணியும் மூங்கிலும் வைத்து எல்லோரும் கட்டுகிற வளைவு இல்லை. தன் கடையிலேயே கனத்த மரத்தில் செதுக்கி, பொன் நிறம் அடித்து, விளக்கு எல்லாம் பதித்து, மாடிப் பால்கனியின் விட்டத்திலிருந்து கம்பிக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். தங்கைக்கு என் சீர் அது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணத்தன்று காலை எழுந்ததிலிருந்தே எதுவும் சரியில்லை. ராத்திரி முழுக்கக் காற்றும் மழையும். மின்சாரம் போய்விட்டது. தம்பியின் சட்டைக்குப் பெட்டி போட முடியாமல், பக்கத்து வீட்டுக்காரர்களின் பழைய கரிப்பெட்டியை வாங்கிவந்து தேய்த்தால், காலரில் கரி. அதைத் துடைக்கப் போய் இன்னும் அப்பிக்கொண்டது. சரி, கோட்டு மறைத்துவிடும் என்று கிளம்பினால் பாதி வழியில் வேன் டயர் பஞ்சர். பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும். என் புது உடுப்போடு சேற்றில் முட்டி போட்டு நான் டயர் மாற்ற, மாப்பிள்ளை குடை பிடிக்க, போகிற வருகிறவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். பெண் வீட்டிலிருந்து போன் மேல் போன். அண்ணன் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான் கேட்டார். வந்துகொண்டுதானே இருக்கிறீர்கள்? அந்தக் குரலில் இருந்த நடுக்கம் எனக்கே வலித்தது.

பதிவாளருக்கு அடுத்து இன்னொரு கல்யாணம் இருந்தது. பதினொன்றுக்கு மேல் ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன் என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டாராம். அவர் போனால் அன்றைக்குக் கல்யாணம் இல்லை.

எப்படியோ போய்ச் சேர்ந்தோம். மண்டப வாசலில் கூட்டம். தாமதமானதால் எல்லோர் முகத்திலும் ஒரு சந்தேகம் ஏறியிருந்தது, எங்கள் வேனைப் பார்த்ததும்தான் இறங்கியது. தம்பி இறங்கினான், கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான், நடந்தான். நான் பக்கத்தில். வாசல் கேட்டைத் தாண்டி வளைவுக்குப் போக இன்னும் கொஞ்ச தூரம்தான்.

அப்போது மாடிப் பால்கனியில் விசில் வந்து நின்றாள். மாப்பிள்ளையைப் பார்க்க ஆசையாக எட்டிப் பார்க்கிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, வீசி வீசிக் காட்டினாள். காட்டிவிட்டு உள்ளே ஓடினாள்.

தம்பி நின்றுவிட்டான். தூக்கிய காலைக்கூட முன்னால் வைக்கவில்லை, பின்னால் இழுத்து வைத்துக்கொண்டான். என்னடா என்றேன். நிறுத்தச் சொல்கிறாள் என்றான். எதை என்றேன். எல்லாவற்றையும் என்றான். ஏன் என்று கேட்டதற்குத் தெரியாது என்றான். நான் விளையாட்டு என்று நினைத்து அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். சுவரைத் தள்ளின மாதிரி இருந்தது. நான் முன்னால் போகப் பார்த்தபோது என் கையையும் பிடித்துக்கொண்டான்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. மாப்பிள்ளை ஏன் நிற்கிறார் என்று ஒருத்தர் கேட்க, பொண்ணு நிறுத்தச் சொல்லிவிட்டாளாம் என்று இன்னொருத்தர் சொல்ல, அது வாசலிலிருந்து மண்டபத்துக்குள்ளே போய்ச் சேருவதற்குள் பெண்ணுக்குச் சம்மதம் இல்லையாம் என்று ஆகிவிட்டது. நான் விசிலின் போனுக்கு அடித்தேன். அவள் அம்மாதான் எடுத்தார். போன் மட்டும் அறையில் கிடக்கிறதாம், பெண்ணைக் காணவில்லையாம். அலங்காரம் செய்தவள் கீழே சாப்பிடப் போயிருந்தாளாம், அம்மா வந்தவர்களை வரவேற்க இறங்கியிருந்தாராம், அதற்குள் அறை காலி. அந்த அம்மாள் போனிலேயே அழ ஆரம்பித்துவிட்டார்.

மண்டபத்துக்குள்ளே கட்டில் அடியிலிருந்து சமையலறைவரை தேடிப் பார்த்திருக்கிறார்கள். அண்ணன் வெளியே வந்தார். அந்த வளைவுக்கு அடியிலேதான் வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. நேராகத் தம்பியிடம் வந்து, உள்ளே வாருங்கள் என்று கெஞ்சுகிற குரலில் சொன்னார். பதிவாளர் பையை மூடிக்கொண்டிருக்கிறார், பெண் எங்கேயாவது பக்கத்தில்தான் இருப்பாள், நீங்கள் வந்து உட்கார்ந்துவிட்டால் ஜனங்கள் வாயை மூடுவார்கள் என்றார்.

தம்பி மாட்டேன் என்று தலையை ஆட்டினான். அவள் சொல்லட்டும் என்றான்.

அண்ணனுக்கு அடக்கிவைத்திருந்தது எல்லாம் வெடித்துவிட்டது. தம்பியின் கோட்டுக் காலரைப் பிடித்தார். இதைத்தான் நான் முதலிலேயே எதிர்பார்த்தேன் என்றார். நீயும் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவன்தான், தங்கை மேல் பழியைப் போட்டுவிட்டு நழுவப் பார்க்கிறாய் என்றார். அதற்கு மேல் சொன்னதை எழுத முடியாது. நானும் பதிலுக்குச் சும்மா இருக்கவில்லை. என் தம்பி நாலு பேர் முன்னால் இப்படி நிற்பதற்காகவா நான் வளர்த்தேன்? ஆத்திரத்தில் அண்ணனை விட்டுவிட்டுத் தம்பி பக்கமே திரும்பினேன்.

"அவளுக்கு உன்னைப் பிடிக்கலடா. அதான் கையைக் காட்டிட்டு ஓடிட்டா. உனக்குப் புரியுதா இல்லையா? வா, வீட்டுக்குப் போகலாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அண்ணனின் மணிக்கட்டை அவன் பிடித்திருந்தான், விடவில்லை. என்னைப் பார்த்துப் பேசினான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"பிடிக்கலன்னா அவ என் முகத்துக்கு நேரா சொல்லுவாக்கா. நிறுத்துன்னு காட்டினா, யாருக்கோ ஏதோ ஆபத்துன்னு அர்த்தம். எனக்கு அவ்வளவுதான் தெரியும். நான் இங்கேருந்து நகர மாட்டேன், இவரையும் விட மாட்டேன். நீ போய் அவளைத் தேடு. இந்த வழியா போகாதே, பின்பக்கமா சுத்திப் போ."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது. அவளைத் தேடிக் கண்டுபிடித்து நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டு, பிறகு இவனைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகலாம் என்றுதான் கிளம்பினேன். திரும்பிப் பார்த்தால் அண்ணன் கையை விடுடா என்று திமிறிக்கொண்டிருக்கிறார், இவன் பிடி உடும்புப்பிடி. வாசலுக்கு உள்ளே, படிக்கு மேலே, பதிவாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பையோடு நிற்கிறார்.

மண்டபத்தின் பின்பக்கம் ஒரு சந்து. ஒரு பக்கம் கழுவாத பாத்திரங்கள், ஒரு பக்கம் குப்பைத் தொட்டிகள், நடுவில் ஜெனரேட்டர். மின்சாரம் இல்லாததால் அது காதைப் பிளக்கிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரம் தேய்க்கிற பெண்ணிடம் கல்யாணப் பெண்ணைப் பார்த்தாயா என்று கத்திக் கேட்டேன். அவள் காதைக் காட்டி, கேட்கவில்லை என்று கையை விரித்தாள். நாலைந்து முறை கேட்டிருப்பேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

அப்போது முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். காதால் கேட்டதைவிடக் காலால் கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும், தரை அதிர்ந்தது. உடனே ஜெனரேட்டர் இருமிக்கொண்டு நின்றுபோனது. சந்து முழுக்க ஒரே அமைதி. அந்த அமைதியில் முன்பக்கம் ஜனங்கள் அலறுவது கேட்டது. என் தம்பி அங்கேதான் நிற்கிறான். எனக்கு உயிரே போய்விட்டது.

ஓடத் திரும்பினேன். என் முதுகுக்குப் பின்னால் இரும்பைத் தட்டுகிற சத்தம். மாடியிலிருந்து இறங்குகிற பின்படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு இரும்புக் கதவு இருக்கிறது, வெளித்தாழ்ப்பாள் போட்டிருந்தது. அதற்கு உள்ளே இருந்து யாரோ தட்டுகிறார்கள். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தவரை எத்தனை நேரம் தட்டினாலும் யாருக்கும் கேட்டிருக்காது.

யார் அது என்றேன்.

"அண்ணி!" விசிலின் கட்டைக் குரல் கீச்சென்று வந்தது. அதுவரை என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணி, அந்த ஆர்ச்சு விழுந்துடுச்சா? அவர் உள்ள வந்துட்டாரா?"

தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தேன். துரு, அசையவில்லை. அவள் உள்ளே இருந்து அழுதுகொண்டே கொட்டினாள். பால்கனியில் நின்றபோது வளைவைத் தாங்குகிற கம்பிக் கயிறு ஒரு பக்கம் கிளாம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவுவதைப் பார்த்தாளாம். மழையில் விட்டம் ஊறிப்போயிருந்ததாம். கத்தினால் கேட்காது என்று கையைக் காட்டினாளாம். மரத்தை மாட்டிய அண்ணனின் கடை ஆட்கள் பின்பக்கம் இருப்பார்கள், கூப்பிட்டு வரலாம் என்று இந்தப் படியில் இறங்க, மேல்கதவு தானாகச் சாத்திக்கொண்டது, படிப் பக்கம் அதற்குப் பிடியே இல்லை. இருட்டில் கால் மடங்கி விழுந்து, தவழ்ந்து வந்து, இங்கே தட்டிக்கொண்டிருக்கிறாள்.

"சொல்லுங்க அண்ணி. அவர் உள்ள வந்துட்டாரா?"

நான் பார்க்கவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது. முன்பக்கம் அலறல் இன்னும் ஓயவில்லை. என் தம்பி அந்த மரத்துக்கு அடியில் கிடக்கலாம். யாராவது தள்ளியிருக்கலாம், அண்ணன் இழுத்துக்கொண்டு போயிருக்கலாம், நான் அவனைச் சொன்ன சொல்லுக்கு அவனே மனம் நொந்து ஓர் அடி முன்னால் வைத்திருக்கலாம். ஒரு நொடிக்கு முன்னால்வரை எந்தப் பிடிவாதத்துக்காக அவனைத் திட்டிக்கொண்டிருந்தேனோ, அந்தப் பிடிவாதத்தைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"உள்ள வரல" என்றேன்.

"பாத்தீங்களா?"

"பாக்கலம்மா. பாக்கவும் வேண்டாம். நீ நிறுத்தச் சொன்னேல்ல? நீ சொல்லாம அவன் வரமாட்டான்."

எந்த வார்த்தையை இன்னொரு தடவை கேட்டால் தாங்க மாட்டேன் என்று சொன்னாளோ, அதையே அவள் முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டேனே என்று அப்புறம்தான் உறைத்தது. ஆனால் உள்ளே இருந்து வந்த அழுகை வேறு மாதிரி இருந்தது. என் வேனில் வருகிற பிள்ளைகள் அதைத் தவறவிட்டுத் தெருவில் நின்று, நான் திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது அழுவார்களே, அப்படி. பாத்திரம் தேய்க்கிற பெண் ஓர் இரும்புக் கரண்டியைக் கொண்டுவந்து தாழ்ப்பாளில் கொடுத்து நெம்பினாள். கதவு திறந்தது.

உடுப்பு முழுக்கத் தூசி, கணுக்கால் வீங்கி, உள்ளங்கை இரண்டும் தட்டித் தட்டிச் சிவந்து கிடந்தன. என் தோளில் சாய்த்துக்கொண்டு முன்பக்கம் நடந்தேன். நான் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். அவள் என் தோளை அழுத்திய அழுத்து ஒரு வாரம் வலித்தது.

திரும்பினோம். வளைவின் ஒரு முனை வாசற்படியில் குத்தி நின்றது. படிக்கல் இரண்டாகப் பிளந்திருந்தது. பொன் பூசின மரம் சிம்புசிம்பாகச் சிதறிக் கிடந்தது, விளக்குக் கம்பிகள் அறுந்து தொங்கின, ஜெனரேட்டர் நின்றது அதனால்தான். இன்னொரு முனை மேலே இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில், நான் விட்டுவிட்டுப் போன அதே இடத்தில், அதே மாதிரி, என் தம்பி நின்றுகொண்டிருந்தான். அண்ணனின் மணிக்கட்டு இன்னும் அவன் கையில்தான் இருந்தது. அண்ணன் இப்போது திமிறவில்லை. அந்தப் படிக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் விட்டிருந்தால் அந்த நேரத்துக்கு அவர் அங்கேதான் போயிருப்பார்.

யாருக்கும் அடி இல்லை. மாப்பிள்ளை நகரவில்லை என்று எல்லோரும் அவனைச் சுற்றி வேடிக்கை பார்க்க நின்றிருந்ததால் வாசற்படி காலியாக இருந்திருக்கிறது. பதிவாளர் மட்டும் மண்டபத்துக்கு உள்ளே மாட்டிக்கொண்டார். வெளியே வர அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான், அதில் மரம் கிடக்கிறது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு அடுத்த கல்யாண வீட்டுக்குப் போனில் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தங்கையைப் பார்த்ததும் அண்ணன் குழந்தை மாதிரி அழுதார். பிறகு தம்பியைப் பார்த்து, "போங்க மாப்பிள்ளை, அதான் அவ வந்துட்டாளே" என்றார். தம்பி அவர் கையை விட்டான். ஆனால் நகரவில்லை. அவளைப் பார்த்தான். அவளோ மேலே ஆடுகிற அந்த இன்னொரு முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் நடக்கப் போகிற நேரத்திலும் இவளுக்கு வேலைதான் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் காதில் போடவில்லை. கடை ஆட்களைக் கூப்பிட்டு, உள்ளே இருந்தவர்களை மேல்கதவைத் திறந்துவிடச் சொல்லி, பின்படி வழியாகப் பால்கனிக்கு ஏறச் சொல்லி, கயிறு கட்டச் சொல்லி, என் தோளில் சாய்ந்தபடியே கை காட்டி, அந்த மரத்தை அங்குலம் அங்குலமாகத் தரைக்கு இறக்கிய பிறகுதான் மூச்சு விட்டாள். அதுவரை என் தம்பி நின்றான். பார்த்த எனக்குத்தான் கால் கடுத்தது.

மரம் தரையில் படுத்த பிறகு அவள் அவன் பக்கம் திரும்பினாள். வா என்று காட்டக் கையைத் தூக்கினாள். அவ்வளவு நேரம் மரத்தை இறக்கிய கை, இப்போது நடுங்கியது. மறுபடி தூக்கினாள். மறுபடி நடுங்கியது. நடுங்குகிற கையை நம்பி அவர்கள் தொழிலில் யாரும் அசைய மாட்டார்கள். அவனும் அசையவில்லை, நிதானமாகக் காத்திருந்தான். அவள் என் தோளை விட்டாள். நொண்டி நொண்டி, சிம்புகளைத் தாண்டி, அவன் நிற்கிற இடத்துக்கே போனாள். அவன் வலது கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

பதிவாளர் இருந்த கோபத்தில் உட்காரக்கூட இல்லை, நின்றுகொண்டே புத்தகத்தைப் பிரித்தார். அவள் கையெழுத்துப் போட்டாள். பேனா தம்பியிடம் வந்தது. அவன் வலது கை அவளுடைய இடது கையில் இருந்தது, அவள் விடவில்லை. கையை விடம்மா, அவர் கையெழுத்துப் போட வேண்டாமா என்று பதிவாளர் சொன்னார். அவள் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவள் அம்மா சொன்னார், நான் சொன்னேன். அவள் விடவே இல்லை. அவனும் இழுக்கவில்லை.

கடைசியில் இடது கையால் போட்டான். கோழி கிளறின மாதிரி இருக்கிறது அந்தக் கையெழுத்து. பதிவாளர் அதை ஒருதரம் பார்த்தார், அவர்கள் கையை ஒருதரம் பார்த்தார், முத்திரையைக் குத்தினார்.